பட்டியலில் இருந்தால் பாதுகாப்பானதா?

"இந்தப் பொருள் அமெரிக்க அரசின் வேதிப்பொருள் பட்டியலில் இருக்கிறது, ஆகவே சோதித்துச் சான்று தந்துவிட்டார்கள்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அது வெறும் வருகைப்பதிவேடு மாதிரிதான். 1976-இல் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த சுமார் 62,000 பொருட்கள் எந்தப் பாதுகாப்பு ஆய்வும் இல்லாமலே அதில் ஏறின.

புற்றுநோய் தரும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்)கூட அந்தப் பட்டியலில் உண்டு! சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989-இல் அதற்குத் தடை போட்டது. 1991-இல் நீதிமன்றம் தடையின் பெரும்பகுதியை ரத்து செய்தது. பழைய பொருட்களுக்கு இடர் மதிப்பீடு கட்டாயமானதே 2016 திருத்தத்துக்குப் பிறகுதான். அதுவும் முன்னுரிமைப்படி, சில பொருட்களாக. வெள்ளைக் கல்நாருக்குத் தடை அறிவிக்கப்பட்டது 2024 மார்ச்சில்.