மணிக்கும் ஒரு பேஸ்ட்

கணேசன்: வசந்தி, இந்த மணியைக் கொஞ்சம் பிடியேன். காலையிலிருந்து என் மூஞ்சியையே விடாமல் நக்குகிறான். பாசமெல்லாம் சரி, அவன் வாயைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

வசந்தி: நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யும் என்று போன வாரம் சொன்னது நீங்கள்தானே? டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, ஈறில் கோளாறு என்கிறார். இதோ, உதட்டைத் தூக்கிப் பாருங்கள், கடைவாய்ப் பல் முழுக்கப் பழுப்பாகக் காரை, ஈறு ஓரமெல்லாம் சிவந்து கிடக்கிறது.

கணேசன்: காட்டில் ஓநாய்க்கு யார் பல் தேய்த்துவிடுகிறார்கள்?

வசந்தி: ஓநாய் வந்து உங்கள் தலையணையில் படுக்கிறதா?

கணேசன்: நேற்றுகூடத் தட்டை வழித்துத் தின்றானே. வலித்தால் தின்பானா?

வசந்தி: வலித்தாலும் தின்பான், காட்டிக்கொள்ள மாட்டான். ஒரு பல்லுக்கு ஊரையே கூட்ட அவன் என்ன நீங்களா? ஒரு மாதமாக இடது பக்கமாகவே மெல்லுகிறான், நாம்தான் தலையைச் சாய்த்துச் சாப்பிடுகிறான் பார், என்ன அழகு என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

கணேசன்: கெட்டியான எலும்பு ஒன்று போடு, கடிக்கக் கடிக்கத் தானே சுத்தமாகிவிடும்.

வசந்தி: பல்லே பிளந்துவிடும். முதலில் மயக்கம் கொடுத்துக் காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும், அதற்கு நாள் குறித்தாயிற்று. அப்புறம் தினமும் நாம் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் படிகிற அழுக்கு இரண்டு மூன்று நாளில் மறுபடி கல்லாகிவிடும்.

கணேசன்: தினமுமா! மொத்தம் எத்தனை பல்?

வசந்தி: 42.

கணேசன்: எனக்கே 32தான்.

வசந்தி: 29. மூன்றைப் பிடுங்கியாயிற்று.

கணேசன்: சரி சரி, நம் பேஸ்ட்டையே வைத்துத் தேய்த்துவிடலாம்.

வசந்தி: ஐயோ, வேண்டவே வேண்டாம்! அவனுக்குத் துப்பத் தெரியாது, அத்தனையும் உள்ளே போகும். சில பேஸ்ட்டில் இனிப்புக்காக சைலிட்டால் என்று ஒன்று இருக்கும், நாய்க்கு அது விஷம், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அவனுக்கென்றே ஒன்று வாங்கி பாத்ரூமில் வைத்திருக்கிறேன். கோழி வாசனை. விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது, நுரையும் வராது.

கணேசன்: நுரை வராதா?

வசந்தி: வராது. ஏன்?

கணேசன்: இல்லை... காலையில் கண்ணாடி போடாமல் பல் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தும் நுரையே வரவில்லை, கலப்படம் செய்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே இன்னொரு தடவை பிதுக்கினேன்.

வசந்தி: மணி, நக்கினது போதும், வா. உன் பங்கை அப்பா தீர்த்துவிட்டார்.