சானி ஏன் எழுந்து போனாள்

எங்கள் வாசகர் குழுவின் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி வரைக்கும் குழுவில் பின்னூட்டங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. "படத்தைப் பார்த்துட்டு வந்து நாவலைப் பத்திப் பேசுறாங்க" என்று என்னைக் கிண்டலடித்த அந்த ஒரு வரிக்கு 43 சிரிப்புப் பொம்மைகள். அதில் நாலைந்து பேர் என் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்கள். சரி, எழுதியே விடுகிறேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். 'டியூன்' படத்தின் இரண்டாம் பாகத்தின் கடைசியில் எல்லோரும் நாயகன் பால் அட்ரெய்டீஸ் முன்னால் மண்டியிட, அவன் காதலி சானி மட்டும் எழுந்து வெளியே போய், சவாரிக்கு ராட்சத மணற்புழுவை அழைத்துக்கொண்டு தனியாகப் பாலைவனத்துக்குக் கிளம்புகிறாளே, அது நாவலுக்குச் செய்த துரோகம் இல்லை. நாவலாசிரியர் ஃபிராங்க் ஹெர்பர்ட் சொல்ல வந்ததைத் திரையில் சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. (பெயரை 'சாணி' என்று எழுதி நக்கலடித்த நண்பருக்குத் தனியாக நன்றி.)

நாவலில் அவள் அப்படிப் போகமாட்டாள் என்பது எனக்கும் தெரியும். அரியணைக்காகப் பால் இளவரசி இருலானைக் கட்டிக்கொள்கிறான். சானி கூடவே நிற்கிறாள். வரலாறு நம்மைத்தான் மனைவிகள் என்று சொல்லும் என்று பாலின் அம்மா ஜெஸிகா அவளுக்கு ஆறுதல் சொல்வதோடு புத்தகம் முடிகிறது. படிக்காதவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.

1965-ல் வந்த நாவல் அது. அதில் தத்துவம் புழுவிலும் இல்லை, அந்தப் பாலைவனத்தில் கிடைக்கும் 'ஸ்பைஸ்' மசாலாவிலும் இல்லை. பாலின் மண்டைக்குள் இருக்கிறது. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நடக்கப்போகும் புனிதப் போர் அவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது. பயப்படுகிறான். பயந்துகொண்டே அடுத்த அடியை வைக்கிறான். பாலைவனத்து ஃபிரெமென் மக்கள் நம்பும் தீர்க்கதரிசனமும் தானாக முளைத்ததில்லை, பெனெ ஜெஸரிட் என்ற ரகசிய சகோதரிகள் அமைப்பின் பெண்கள் எப்போதோ விதைத்துவிட்டுப் போனது. இத்தனையையும் ஹெர்பர்ட் சாய்வெழுத்தில் எண்ணமாகப் போட்டுவிட்டார். கேமராவுக்கு ஏது சாய்வெழுத்து?

1984-ல் இயக்குநர் டேவிட் லிஞ்ச் இதைப் படமாக்க முயன்று பார்த்தார். ஆளாளுக்கு மனசுக்குள் கிசுகிசுத்துக்கொண்டே இருப்பார்கள். முடிவில் அராக்கிஸ் என்ற அந்தப் பாலைவனக் கிரகத்தில் மழையே பெய்துவிடும், பால் நிஜமாகவே அவதாரம் ஆகிவிடுவான். நாவல் எதைக் கண்டு பயந்ததோ, அதையே கொண்டாடி முடித்த படம். அதை 'கல்ட் கிளாசிக்' என்று மெச்சுகிற அதே வாய்தான் இப்போது சானிக்காகத் துரோகம் என்கிறது.

இப்போதைய இரண்டு பாகங்களையும் இயக்கிய வில்னூவ் அந்தப் பயத்தைப் பாலின் மண்டையிலிருந்து எடுத்து சானியின் முகத்தில் வைத்தார். கூட்டத்தில் இதை மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் யாரோ ஒருவர் டீ வந்துவிட்டது என்றார்.

இரண்டாம் பாகத்தை 2024 மார்ச்சில் தியேட்டரில் பார்த்தேன். தெற்கு ஃபிரெமென் சபையில் பால் தன்னை இரட்சகன் என்று அறிவிக்கும் இடத்தில் என் பின்வரிசையில் விசில் பறந்தது. பாலுக்குப் பாலாபிஷேகம் ஒன்றுதான் பாக்கி. சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தால், அந்தக் கூட்டத்தில் சானி மட்டும் நம்மை மாதிரி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அத்தை ஞாபகம் வந்தது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தன் நடிகரின் பட ரிலீசுக்குக் கட்-அவுட் வைக்க அத்தையின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தார். மாமா கெட்டவர் இல்லை. எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். அந்த நடிகரும் இவரிடம் எதையும் கேட்கவில்லை, இப்படி ஓர் ஆள் இருப்பதே அவருக்குத் தெரியாது. முதல் காட்சி முடிந்து வெடிச்சத்தமாக இருந்தபோது அத்தை வெறுங்கழுத்தோடு வாசலில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அதைப் பார்த்து வளர்ந்தவளிடம் வந்து சானி ஏன் எழுந்து போனாள் என்று கேட்கிறீர்கள்.

"அப்போ பாலின் தங்கை ஆலியா?" என்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாவலில் வில்லன் பாரன் ஹார்க்கோனெனைக் கொல்வதே அந்தக் குழந்தைதான். படத்தில் அவள் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறாள். வருஷங்களை மாதங்களாகச் சுருக்கினால் இதுதான் நடக்கும், எனக்கும் வருத்தம்தான். 'ஜிஹாத்' என்ற சொல்லைத் தொடாமல் 'புனிதப் போர்' என்று நழுவியதும் பயம்தான், ஒப்புக்கொள்கிறேன். மென்டாட்டுகளுக்கு, அதாவது மனிதக் கணிப்பொறிகளுக்கு, பெரிய இடமில்லை, விருந்துக் காட்சி இல்லை என்பதெல்லாம் விடுங்கள். இரண்டு படமும் சேர்ந்து ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் போகிறது, இன்னும் எவ்வளவு வேண்டும்?

ஆனால் "பெண்ணியத்தைத் திணிச்சிட்டாங்க" என்றீர்களே, அதை விடமாட்டேன். நாவலில் பாலைச் சவாலுக்கு அழைக்க வந்தவனைச் சானியே கொன்றுபோடுகிறாள். அவளுடைய குழந்தை கொல்லப்படுகிறது, கதை அதைத் தாண்டிப் பாலின் வெற்றிக்கு ஓடிவிடுகிறது. ஹெர்பர்ட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த இடத்தில் அவர் சானிக்குக் கடன்பட்டிருக்கிறார். படம் அதில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பத்தொன்பது வயதில் முதல்முறை படித்தபோது நானும் பாலுக்கு மனசுக்குள் விசில் அடித்தவள்தான். அப்புறம் 1969-ல் வந்த இரண்டாவது நாவலைப் படித்தேன். 6,100 கோடிப் பேர் செத்திருப்பார்கள் என்று பாலே உட்கார்ந்து கணக்குச் சொல்கிறான், ஹிட்லரோடு தன்னை ஒப்பிட்டு. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முதல் புத்தகத்தை மறுபடி எடுத்தால், எச்சரிக்கை பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. வீரனைக் கண்டால் ஜாக்கிரதை என்று ஹெர்பர்ட் பேட்டிகளில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். அவர் வாசகர்களுக்கே உறைக்காததை, சானி ஒரு வார்த்தை பேசாமல் தியேட்டரில் உறைக்க வைத்தாள். இதற்குத்தான் "படத்தை மட்டும் பார்த்தவர்".

ஒன்று கவனித்தேன். போன மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி, புத்தகத்தைத் தொட்டதே இல்லை என்று சொல்லிவிட்டு இருபது நிமிஷம் பேசினார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நல்ல பார்வை என்று ஒருவர் கைகூடக் குலுக்கினார். என்னிடம்தான் "எத்தனை பக்கம் படிச்சீங்க மேடம்?" நான் மூன்று முறை படித்திருக்கிறேன். அதைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. அதையும் பார்த்தீர்கள்.

கேட்டவர் இதைப் படிப்பார் என்று தெரியும். சார், ஓரத்தில் பென்சில் குறிப்பும் 212-ஆம் பக்கத்தில் காபிக் கறையும் உள்ள அந்த 'டியூன்' பிரதி என்னுடையது. இரண்டு வருஷம் முன்பு நீங்கள் வாங்கிப் போனது. படித்து முடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.