ஜோயன் ஷா டெய்லரின் குரலைப் பற்றியும் எழுதுங்கள்

ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை வகை) பாடகியும் கிதார் கலைஞருமான ஜோயன் ஷா டெய்லர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவரை 16 வயதில் டேவ் ஸ்டூவர்ட் கண்டெடுத்த கதைக்கே அதில் பாதி இடம் போய்விட்டது. யூரித்மிக்ஸ் பாப் இசைக்குழு புகழ் ஸ்டூவர்ட் கதவைத் திறந்துவிட்டார், சரி. ஆனால் முதல் ஆல்பம் 'ஒயிட் சுகர்' வந்தது 2009-இல்தான். நடுவில் போன அத்தனை வருடங்களும் அந்தப் பெண்ணின் உழைப்பு அல்லவா?

இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸில் வளர்ந்த பெண், அமெரிக்க கிதார் கலைஞர்கள் ஸ்டீவி ரே வான், ஆல்பர்ட் காலின்ஸ் வாசிப்பைக் கேட்டுக் கேட்டு ப்ளூஸ் பழகினார். அந்த டெலிகாஸ்டர் கிதாரில் நரம்பை இழுத்து ஸ்வரத்தை வளைக்கும்போது காலின்ஸின் கூர்மை தெரிகிறது. அவசரமே இல்லாத வாசிப்பு. எனக்கு அதைவிடப் பிடித்தது அந்தக் கரகரப்பான குரல். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் வருத்தம். 2010-லும் 2011-லும் பிரிட்டிஷ் ப்ளூஸ் விருதுகளில் சிறந்த பாடகி விருது கிடைத்ததே அந்தக் குரலுக்குத்தான்!

அப்புறம், கட்டுரையில் வரும் 'பெண்ணாக இருந்தும் இவ்வளவு நன்றாக வாசிக்கிறார்' என்ற வரியைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அமெரிக்க ப்ளூஸ் பாடகி மெம்பிஸ் மின்னி 1930-களிலேயே கிதாரோடு ரெக்கார்டிங் செய்து பேர் வாங்கியவர். இன்னொரு அமெரிக்கப் பாடகி சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1964-இல் மான்செஸ்டரில் ஒரு பழைய ரயில் நிலைய மேடையில் எலெக்ட்ரிக் கிதார் வாசித்ததை பிரிட்டிஷ் டிவியே காட்டியது.

ஜோயனைப் புதிதாகக் கேட்பவர்கள் 2021-இல் வந்த அவருடைய 'தி ப்ளூஸ் ஆல்பம்' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க கிதார் கலைஞர்கள் ஜோ போனமாசாவும் ஜோஷ் ஸ்மித்தும் தயாரித்தது.