சுவருக்கு வயதானால் குடியிருந்தவரா பொறுப்பு?

இரண்டு நாள்களாக நம் வீட்டுக்காரர்கள் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பெயிண்ட் ரசீதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "நீங்களும் ஒரு வீட்டுக்காரர்தானே, எங்களுக்காகப் பேசாவிட்டாலும் வாயை மூடிக்கொண்டிருக்கலாமே" என்று ஒரு பெரியவர் அன்போடு அறிவுறுத்திய பிறகு அப்படி இருக்க முடியவில்லை. ஏழு ஆண்டுகள் குடியிருந்து, ஒரு மாத வாடகையும் பாக்கி வைக்காமல் காலி செய்து போன குடும்பத்தின் முன்பணத்திலிருந்து, வீடு முழுவதற்கும் பட்டி பார்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் பெயிண்ட் பூசிய செலவை வீட்டுக்காரர் கழித்துக்கொண்டது நியாயமில்லை. நேற்று இதை ஒரு வரியில் சொன்னேன், வசவுதான் கிடைத்தது. ஆகவே இன்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சுவரில் அடித்த பெயிண்டுக்கு ஆயுள் உண்டு. ஆளே இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் சன்னல் வழியாக வெயில் விழும், தூசி படியும், நிறம் மங்கும். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற பீரோவை நகர்த்திப் பாருங்கள்: அதன் பின்னால் மட்டும் பழைய நிறம் கட்டம் போட்டதுபோல் அப்படியே இருக்கும், சுற்றியுள்ள சுவர் வெளுத்திருக்கும். ஆணி ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மிச்சம் வைத்திருந்த அதே டின்னிலிருந்து அதே பெயிண்டைத் தொட்டு வைத்தாலும் அந்த இடம் திட்டாகத் தெரிவது இதனால்தான்; பெயிண்டர்கள் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அந்தச் சுவரை முழுதாக அடித்துவிடச் சொல்வதும் இதனால்தான். சுவரை வெளுக்க வைத்தது காலம். காலத்துக்கு ரசீது அனுப்ப முடியாது என்பதற்காகக் குடியிருந்தவருக்கு அனுப்புவது என்ன முறை?

கணக்குப் பார்த்தே பேசுவோம் என்பவர்களுக்காக ஒரு கணக்கு. உள்சுவரின் பெயிண்ட் 5 ஆண்டுகள் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 4 ஆண்டுகள் முடிந்த நிலையில் குடியிருப்பவர் ஒரு சுவரைப் பாழாக்கினால், அவர் கெடுத்தது மிச்சமிருந்த ஓராண்டு ஆயுளைத்தான். அந்த ஒரு சுவரின் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாராளமாகக் கேட்கலாம். 7 ஆண்டுகள் ஆன பெயிண்டில் கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? போதாக்குறைக்கு அந்த ரசீதில் சீலிங்கும் சேர்ந்திருக்கிறது. அந்தக் குடும்பம் சீலிங்கில் எப்போது நடமாடியது என்று யாராவது சொன்னால் தெரிந்துகொள்வேன். வெளிர்மஞ்சளாக இருந்த வீடு இப்போது சாம்பல் நிறத்துக்கு வேறு மாறியிருக்கிறது. அடுத்து வருபவரைக் கவர வீட்டுக்காரர் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த நிறத்துக்கு, வெளியே போனவர் பணம் கட்டியிருக்கிறார்.

உடனே கிளம்பி வருவார்கள்: "பிள்ளைகள் கிரேயானால் கிறுக்கினால்? சிகரெட் புகை படிந்திருந்தால்?" கேளுங்கள், அந்தச் சுவருக்குக் கேளுங்கள். புகைக்கறையும் எண்ணெய்க் கறையும் சாதாரண எமல்ஷனை ஊடுருவி மேலே வரும் என்பதும், கறையைத் தடுக்கும் பிரைமர் தனியாக அடிக்க வேண்டும் என்பதும் எனக்கும் தெரியும். இந்த வீட்டில் அப்படி எதுவும் இல்லை என்பதால் இதற்கு மேல் அதைப் பேச வேண்டியதில்லை.

நான் வாடகை வீட்டில் வளர்ந்தவன். ஒரு வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய இரவு, அம்மா ஈரத்துணியால் சுவர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் வந்த வீட்டுக்காரர் நேராகப் படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே போய், விரல் நகத்தால் சுவரைச் சுரண்டினார். பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்து உதிர்ந்தது, உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. நாங்கள் குடிவருவதற்கு முன்பு, வீடு ஒரு வாரம்கூடச் சும்மா இருக்கக்கூடாது என்ற அவசரத்தில், ஓதம் வந்த சுவரைக் காயவிடாமல், நீர் எங்கிருந்து கசிகிறது என்றும் பார்க்காமல், மேலே பெயிண்டை அடித்து மூடியிருந்தார்கள். உள்ளே தங்கிய ஈரம் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. "நீங்கள்தான் தண்ணீர் கொட்டியிருப்பீர்கள்" என்றார் அவர். பணம் போனதைவிட, அம்மா கையில் துணியோடு பதில் சொல்லத் தெரியாமல் நின்றதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே" என்ற வாதத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள். பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதாம். பெற்ற நிலை என்ன என்பதற்குச் சாவி கொடுத்த அன்று எடுத்த படங்கள் எங்கே? கேட்டால் பதில் இல்லை. வீடு தேடி அலைகிறவர் இருபது பக்கத்தைப் பேரம் பேசியா கையெழுத்திடுகிறார்? முன்பணம் நம் கையில் இருக்கிறது என்ற ஒரே துணிச்சலில்தான் இந்த ரசீதுகள் எழுதப்படுகின்றன. அந்தப் பணம் அவர்கள் கையில் இருந்து, பெயிண்ட் செலவை நாம் கேட்டு வாங்க வேண்டியிருந்தால், இதே சீலிங்குக்குக் கேட்கும் தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

"வீட்டுக்காரருக்கு மட்டும் பணம் மரத்திலா காய்க்கிறது?" இல்லைதான். மாதாமாதம் வாங்கிய வாடகைக்குள்தான் இந்தச் செலவும் அடங்கியிருக்கிறது. அதில் ஒரு பங்கை எடுத்து வைக்காதது யார் தவறு என்பதை நான் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை.

என்னைக் குழுவிலிருந்து நீக்கப் போவதாகக் கேள்விப்படுகிறேன். தாராளமாகச் செய்யுங்கள், வீட்டுக்காரர்களுக்கு எதிரி என்ற பட்டத்தையும் சேர்த்தே கொடுங்கள். அடுத்த மாதம் என் வீடும் காலியாகிறது. முன்பணத்தை முழுதாக அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பெயிண்டரைக் கூப்பிடப் போகிறேன்.