திண்ணை உயரத்தில் ஒரு குளம்
நீச்சல் குளத்தின் விளிம்பு தரையோடு சமமாக இழைந்து போனால்தான் வீட்டுக்கு அழகு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மேட்டு நிலத்தில் சரி, கடலூர்க் கரையோர மணலில் அதை அப்படியே செய்யக் கூடாது. தேவனாம்பட்டினம் பக்கம் எங்கள் சித்தப்பா வீட்டில் அப்படித்தான் கட்டினார்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் மழை ஓய்ந்ததும், கலங்கிய தண்ணீரை மாற்றலாம் என்று குளத்தை முழுக்க இறைத்துவிட்டார். மறுநாள் காலை குளத்தின் ஒரு பக்கம் இரண்டு அங்குலம் எழும்பி நின்றது. ஓரத்து டைல்ஸ் வரிசை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே ஊற்று மட்டம் ஏறிவிடும். குளத்தின் அடிமட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நிலத்தடி நீர் நின்றாலே, ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் விசை மேலே தள்ளும்; 20 செ.மீ. கான்கிரீட் தளத்தின் எடையோ சுமார் அரை டன்தான். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது அமுக்கிப் பிடிக்கும், இறைத்தால் போச்சு. திரும்பக் கட்டும்போது ஆழத்தைக் குறைத்து, பின்பக்கத் திண்ணையின் உயரத்துக்கே விளிம்பைத் தூக்கினார்கள், அடியில் நீரழுத்தத்தை விடுவிக்கும் வால்வும் வைத்தார்கள். இப்போது பார்க்க அவ்வளவு பாந்தம், திண்ணையே நீண்டு குளத்தைச் சுற்றி வந்த மாதிரி. சாயங்காலத்தில் சித்தி அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார். அப்புறம், குளத்து விளிம்புக்குக் கருப்பான கடப்பா கல் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம், சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது. வெளிர் நிறத்தில், சொரசொரப்பான கல்லாகப் பாருங்கள்.