"புரிஞ்சதா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

அம்மாவுக்குச் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபோர்மின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் குமட்டல், வயிற்றுப்போக்கு. கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையையே நிறுத்திவிட்டார்.

போன வாரம் மலேசியாவில் பட்டர்வொர்த் வீட்டுக்குப் போனபோது மருந்துப் பையை எடுத்துப் பார்த்தேன். மலாயில் 'செலெபாஸ் மாக்கான்' என்று அச்சடித்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு. அம்மாவோ விடியற்காலையில், பசியாறுவதற்கு முன்பே போட்டிருக்கிறார். வெறும் வயிற்றில் போட்டால் அது வயிற்றைப் புரட்டத்தான் செய்யும்.

மருந்து வாங்கிய அன்று நானும் பக்கத்தில்தான் நின்றேன். கொடுத்த பெண் நல்ல மாதிரி. கடகடவென்று மலாயில் சொல்லிவிட்டு, "ஃபாஹாம், ஆண்ட்டி?" என்றார். புரிஞ்சதா என்று. அம்மா "ஃபாஹாம், ஃபாஹாம்" என்று தலையாட்டினார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

அம்மாவுக்கு மலாய் தெரியாது என்று நினைக்க வேண்டாம். சௌராஸ்தா சந்தையில் மீன்காரரிடம் மலாயில்தான் பேரம். சீனர் கடையில் நாலு வார்த்தை ஹொக்கியன்கூட வரும். ஆனால் இரண்டு மாத்திரை, ஒன்று செபெலும் (சாப்பாட்டுக்கு முன்), ஒன்று செலெபாஸ் (பின்). வேகமாகச் சொன்னால் காதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும். பின்னால் நீள வரிசை வேறு. "இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கேட்க அவருக்குக் கூச்சம்.

"புரிஞ்சதா?" என்று கேட்டால் நம் ஆட்கள் யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள், ஆசிரியரிடமும் சொல்ல மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் போடும் கட்டைவிரலும் அதே கதைதான். மருத்துவத்தில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். கேட்டதை நோயாளியையே தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்வது. அவர் மாற்றிச் சொன்னால், சொன்னவர் சரியாகச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு விதமாகச் சொல்ல வேண்டும். நேரம் இல்லை என்பார்கள். அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்ததில் என் அம்மாவுக்கு ஒரு மாதம் போய்விட்டது.

டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். இரண்டு பையிலும் மார்க்கரில் தமிழில் பெரிதாக எழுதினேன். அப்புறம், "இப்ப நீங்க சொல்லுங்கம்மா" என்றேன்.

"ரொட்டி சாப்பிட்டு, தண்ணி குடிச்சிட்டு, இந்த வெள்ளை மாத்திரை."

"இன்னொன்னு?"

கொஞ்ச நேரம் பையையே பார்த்தார். "அதுவும் அப்பத்தானே?"

கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து சொன்னேன்.