பட்டனைத் தட்டினால் ரிப்போர்ட் வந்துவிடாது

விளம்பர ரிப்போர்ட் என்றால் பட்டனைத் தட்டியதும் வந்து விழும் என்று இந்த மதுரை முதலாளிகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மாசி வீதி ஜவுளிக்கடை, கே.கே. நகர் ஆஸ்பத்திரி, பைபாஸ் ரோடு கோச்சிங் சென்டர், யாராக இருந்தாலும், அவர்களுக்கு இணைய விளம்பரம் ஓட்டித் தரும் எங்களிடம் கேட்பது ஒரே மாதிரிதான். "தம்பி, எல்லா பிராஞ்சு கணக்கையும் சேர்த்து, போன வருசம் பூராவும், கீவேர்டு வாரியா, நாள் வாரியா எடுத்துருங்க. பதினோரு மணிக்கு மீட்டிங்." இதைச் சொல்லும்போது திங்கட்கிழமை காலை ஒன்பதரை.

ஒரு கூகுள் விளம்பரக் கணக்கில் 2,000 கீவேர்டு இருப்பதாக வையுங்கள். கீவேர்டு என்றால், எந்தச் சொல்லைத் தேடினால் நம் விளம்பரம் வர வேண்டுமோ அந்தச் சொல். ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு ஒரு வரி. எல்லாம் தினமும் ஓடினால் 365 நாளுக்கு 7,30,000 வரி. மொபைல், கம்ப்யூட்டர், டேப்லெட் என்று பிரித்துக் கேட்டால் 21,90,000 வரை போகும். எக்செல்லின் ஒரு ஷீட் 10,48,576 வரிக்கு மேல் தாங்காது. இது ஒரே ஒரு கணக்குக்கு. இவர்கள் கேட்பதோ எல்லாக் கணக்கையும்.

அதைவிடப் பெரிய கோப்பைத் திறந்தால், முழுசாக ஏறவில்லை என்று எக்செல்லே சொல்லும். அதை யார் படிக்கிறார்கள்? ஓகே தட்டி, சேவ் பண்ணி, அதையே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். மீதி வரிகள் அதோடு போச்சு. ஒரு ஜவுளிக்கடையில் இப்படித்தான் ஆனது. பாதியில் அறுந்த கோப்பைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "பில்லுல ஒரு செலவு, இதுல ஒரு செலவா?" என்று கடையின் கணக்குப்பிள்ளை எங்கள் ஆபீஸ் பெண்ணை நிற்க வைத்துக் கேட்டார். அவள் ஷீட்டைக் கடைசி வரி வரை இறக்கினாள். சரியாக 10,48,576-இல் தேதி நின்றிருந்தது. தீபாவளி மாதமே அதில் இல்லை. "அப்பச் சரி" என்றார். அவ்வளவுதான். காசில் கை வைத்துவிட்டோம் என்கிற தொனியில் அத்தனை பேர் முன்னால் பேசியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்தப் பெண் எங்களிடம் வேலை பார்க்கிறாள், அவருக்குக் கட்டுப்பட்டவள் இல்லை.

அந்த ரிப்போர்ட்டை எடுப்பதில் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? கூகுள் ஆட்ஸ் ஏபிஐ என்பது ஸ்கிரிப்டு எழுதி விளம்பரக் கணக்கின் விவரங்களை வாங்கும் வழி. அதில், பல கணக்குகளை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் மேனேஜர் கணக்கிடமே போய் மொத்த கிளிக், மொத்தச் செலவு கேட்டால் தராது, பிழைதான் திரும்பி வரும். கீழே உள்ள ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பக்கம் பக்கமாக வாங்கினால் பக்கத்துக்கு 10,000 வரி. செலவு மைக்ரோவில் வரும், 10,00,000-ஆல் வகுத்தால்தான் ரூபாய். 2022 ஏப்ரலில் பழைய ஆட்வேர்ட்ஸ் ஏபிஐயை மூடியபோது, அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகளை எல்லாம் புதிதாக எழுத வேண்டியிருந்தது. நடுவில் ஒரு கணக்கின் அனுமதியை யாராவது எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக நிற்கும். அதைக் கண்டுபிடித்து மறுபடி ஓட்ட ஓர் ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். இது அந்தத் தளத்தின் முறை, அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதையே ஒத்துக்கொள்ளாதவர்கள் மேல்தான் கோபம்.

அப்புறம், "போன வாரம் 40 என்க்வயரினு சொன்னீங்க, இப்ப 46 காட்டுது, எது பொய்?" எதுவும் பொய் இல்லை. விளம்பரத்தைக் கிளிக் பண்ணியவர் பத்து நாள் கழித்து ஃபாரம் நிரப்பினாலும், கூகுள் அதைக் கிளிக் பண்ணிய தேதியில்தான் வைக்கும். போன வாரத்துக் கணக்கு இந்த வாரம் கூடத்தான் செய்யும். இதை எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. ஃபேஸ்புக்கும் கூகுளும் ஒரே வாடிக்கையாளரை ஆளுக்கு ஒன்றாக எண்ணிக்கொள்ளும் என்பதும் ஏறுவதில்லை. இரண்டையும் கூட்டி "மொத்தம்" போடச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றால் முகம் மாறுகிறது.

சில கணக்குகளை வெளிநாட்டில் இருக்கும் மருமகனோ மச்சானோ அமெரிக்க நேரத்தில் திறந்து கொடுத்திருப்பார். கலிஃபோர்னியா நேரம் என்றால் நம் ஊரில் பகல் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் அங்கே புதுத் தேதி பிறக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் வியாபாரம் இரண்டு தேதிகளில் சிதறிக் கிடக்கும். அதை மற்றக் கிளைகளோடு நாள் வாரியாக ஒட்டினால் வருவது குப்பை. 18 சதவீத ஜி.எஸ்.டி. ரிப்போர்ட் செலவில் சேராது, பில்லில்தான் இருக்கும். அதற்கும் மாதாமாதம் ஒரு சண்டை.

இவ்வளவும் எதற்கு? மீட்டிங்கில் திறப்பது முதல் டேப் மட்டும். மொத்தச் செலவு, மொத்த போன் கால், முடிந்தது. மற்ற லட்சக்கணக்கான வரிகளை ஒருவர்கூடத் திறப்பதில்லை.

ஐயா, ரிப்போர்ட் கேட்காதீர்கள், கேள்வி கேளுங்கள். ஆடித் தள்ளுபடிக்கு எந்தக் கிளைக்குப் பணம் கூட்டலாம், எந்த விளம்பரம் தண்டம் என்று கேளுங்கள். மத்தியானத்துக்குள் பத்து வரியில் பதில் வரும். வருசம் பூராவும் வரி வரியாகத்தான் வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை காலையிலேயே சொல்லிவிடுங்கள், செவ்வாய்க்கிழமை கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளைகளை ஆபீஸில் உட்கார வைத்து இனிமேல் எடுத்துத் தர மாட்டோம்.